‘கெட்’ ஒண்ண வச்சுக்கிட்டு எத்தன வேல வாங்குறாங்க

இங்கிலிஷ் டிக்ஷனரிய தொறந்து ‘கெட்’னு (get) தேடிப் பாருங்க, மொத வரியில ‘பெறு’ன்னு போட்டிருக்கும். நம்ம புள்ளைங்க அத மனப்பாடம் பண்ணிட்டு போயி, ‘இட்ஸ் கெட்டிங் கோல்ட்’னு ஒரு வரி வந்ததும் அப்படியே நின்னுரும், யாரு யாருகிட்டருந்து குளிர பெறுறாங்கன்னு யோசிச்சுக்கிட்டு. புள்ளைங்க மேல குத்தம் இல்ல. ‘பெறு’ன்னு ஒரே சொல்லுல முடிச்சு வச்ச புத்தகத்து மேலதான் குத்தம், அதுவும் ‘பெறு’ன்னு நம்ம யாருமே வாயால பேசுறது கூட இல்ல.

ஓ.எல் பரீட்ச முடிச்சிட்டு கொழும்புக்கு வேலைக்கு போறவங்க, எல்ல ஊர்ப் பக்கம் ஹோட்டல்ல நிக்கிற தம்பிமாரு, நுவரெலியாவுல டூரிஸ்ட்ட கூட்டிட்டு சுத்துறவங்க, வீட்டுல புள்ளைக்கு சொல்லிக் குடுக்கணும்னு நெனக்கிற அம்மாமாரு, இவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கிராமர் புத்தகத்து ஒழுங்குல வராது, பேசுற மாதிரிதான் வரும், அதனால கொஞ்சம் அங்கிட்டும் இங்கிட்டும் போகும்.

இங்கிலிஷ்ல சின்னச் சின்ன வினைச்சொல்லுங்கதான் ரொம்ப பொல்லாதது. 1989ல வந்த ஒக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதியோட ரெண்டாம் பதிப்புல ஆக நீளமா எடம் புடிச்சது எதுன்னு நெனக்கிறீங்க, ‘செட்’ங்கிற மூணெழுத்து வினை, அதுக்கு மட்டும் 430 பொருள்னு கணக்கு சொல்வாங்க. ‘ரன்’, ‘டேக்’, ‘கோ’ எல்லாம் அதே குடும்பந்தான். ஆனா ஒரு நாளைக்கு வாயில வர்ற எண்ணிக்கைய பாத்தா நமக்கு ரொம்ப தேவைப்படுறது ‘கெட்’தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ‘கெட்’ட புரிஞ்சுக்க ஒரே ஒரு சாவி இருக்கு. ‘ஹேவ்’, ‘இஸ்’, ‘ஆர்’ இதெல்லாம் ஒரு நெலைமையில இருக்குறத சொல்லுது, ‘கெட்’ அந்த நெலைமைக்கு வந்து சேர்றத சொல்லுது. அவ்வளவுதான். ‘ஐ ஹேவ் அ போன்’னா எங்கிட்ட போன் இருக்கு, ‘ஐ கொட் அ போன்’னா போன் என் கைக்கு வந்துச்சு. ‘ஹீ இஸ் மேரிட்’னா ஆளு கல்யாணம் ஆனவரு, ‘ஹீ கொட் மேரிட்’னா கல்யாணம் நடந்துச்சு. ‘இட் இஸ் டார்க்’னா இருட்டா இருக்கு, ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’னா இருட்டிக்கிட்டு வருது. ‘வீ ஆர் இன் பதுளை’ன்னா பதுளையில இருக்கோம், ‘வீ கொட் டு பதுளை’ன்னா பதுளைக்கு வந்து சேந்துட்டோம். பொருளோ, ஆளோட நெலைமையோ, எடமோ, எதுவா இருந்தாலும் அந்தப் பக்கத்துலருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தாச்சுங்கிற அசைவுதான் ‘கெட்’. மிச்சம் எல்லாத்தையும் அதுக்குப் பின்னால வர்ற சொல்லு முடிவு பண்ணும். அதனால ‘கெட்’ட பாக்காதீங்க, அதுக்கு அடுத்து என்ன வருதுன்னு பாருங்க.

அடுத்து ஒரு பொருள் வந்தா வேல சுலபம். ‘ஐ கொட் அ லெட்டர்’, கடதாசி வந்துச்சு. ‘ஐ கொட் திஸ் ஷர்ட் இன் ஹட்டன்’, ஹட்டன்ல வாங்குனேன். ‘கென் யூ கெட் மீ சம் வோட்டர்’, கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வர்றீங்களா. கெடைக்கிறது, வாங்குறது, எடுத்துட்டு வர்றது, நமக்கு இது மூணு வேற வேற சொல்லு, அவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒண்ணு. இதுல நம்ம ஆளுங்களுக்கு கஷ்டம் குடுக்குறது வேறொரு எடம். தமிழ்ல ‘எனக்கு வேல கெடச்சிருச்சு’ன்னா வேலதான் முன்னுக்கு நிக்கிற ஆளு, நான் ‘எனக்கு’ன்னு ஓரமா நிக்கிறேன். இங்கிலிஷ்ல அது நடக்காது, ‘ஐ கொட் த ஜொப்’னு நான்தான் முன்னுக்கு வந்து நிக்கணும். ‘எனக்கு’ன்னு மனசுல வந்த ஒடனே வாயி ‘டு மீ’ன்னு ஆரம்பிக்கும், அந்த எடத்துல புடிச்சு நிறுத்தி ‘ஐ’ போட்டு தொடங்குனா மிச்சம் தானா வரும். எனக்கு காய்ச்சல் வந்துருச்சு, எனக்கு வெளங்கிருச்சு, எனக்கு சான்ஸ் கெடச்சுச்சு, நம்ம பேசுற ‘எனக்கு’ல நெறைய ‘ஐ கொட்’ல அடங்கிரும், பழகிப் பாருங்க.

இன்னொண்ணு, ‘யூ கெட்’னு பொதுவா சொல்றது. இங்க ‘யூ’ன்னா நீங்க இல்ல, யாரா இருந்தாலும்னு அர்த்தம். ‘யூ கெட் சிக்னல் நியர் த கோவில்’, கோயில் பக்கம் போனா சிக்னல் கெடைக்கும். தேயிலத் தோட்டத்துல இருக்குறவங்களுக்கு இத வெளக்கவே தேவையில்ல, லயத்து வீட்டு வரிசையில நின்னா ஒரு கோடு, கோயில் மேட்டுல ஏறுனா மூணு கோடு. எடத்தையே ஆளா வச்சும் சொல்லலாம், ‘ஹட்டன் கெட்ஸ் அ லொட் ஒஃப் ரெய்ன் இன் ஜூன்’. தென்மேற்கு பருவமழை மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் போட்டுத் தள்ளும், அதே நேரத்துல மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளையில வறண்ட காத்து அடிக்கும். டூரிஸ்ட் வந்து எப்ப வரலாம்னு கேட்டா இப்படி ஒரு ‘கெட்ஸ்’ல பதில் சொல்லிட்டுப் போயிரலாம்.

அடுத்து ஒரு குணத்த, நெலைமைய சொல்ற சொல்லு வந்தா ‘ஆகுறது’. லேட் ஆகுது, ‘இட்ஸ் கெட்டிங் லேட்’. கோவம் வந்துருச்சு, ‘ஷீ கொட் ஏங்ரி’. இதுல வேடிக்கை என்னன்னா நமக்கு பல எடத்துல தனி வினையே இருக்கு. இருட்டுது, குளிருது, நனஞ்சுட்டேன், களைச்சுட்டேன், ஆறிப் போச்சு. இங்கிலிஷ்ல பேச்சுன்னு வந்துட்டா எல்லாத்தையும் ‘கெட்’ட போட்டு பின்னால ஒரு சொல்லு ஒட்டிருவாங்க. கெட் டார்க், கெட் கோல்ட், கெட் வெட், கெட் டயர்ட். தேத்தண்ணி ஆறுறதும் ‘கெட் கோல்ட்’தான், கிளைமேட் குளிராகுறதும் ‘கெட் கோல்ட்’தான். ‘யுவர் டீ இஸ் கெட்டிங் கோல்ட்’னு ஒருத்தர் சொன்னா சீக்கிரம் குடிங்கன்னு அர்த்தம்.

ஆனா ஒரு எடத்துல கவனம். ஆகுறதுன்னதும் எல்லாத்துக்கும் ‘கெட்’ போட முடியாது. டீச்சர் ஆகுறது, டாக்டர் ஆகுறது, தலைவர் ஆகுறது, இப்படி ஆளு ஒரு பேர எடுத்துக்கிற எடத்துல ‘பிகம்’தான் வரணும். ‘ஐ வோன்ட் டு பிகம் அ டொக்டர்’. அதையே ‘ஐ வோன்ட் டு கெட் அ டொக்டர்’னு சொன்னா நான் டாக்டர் ஆகணும்னு அர்த்தம் வராது, ஒரு டாக்டர கூட்டிட்டு வரணும்னு வரும், இன்டர்வியூவுல அப்படி சொன்னா உள்ள இருக்குறவங்க பதறிப் போயி உங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேப்பாங்க.

கல்யாணத்துக்கு வந்தா ‘கெட் மேரிட் டு’. நம்ம ஊருல கேக்குற ‘கெட் மேரிட் வித்’ தப்பு. தமிழ்ல ‘அவரோட கல்யாணம்’னு சொல்றதால அந்த ‘ஓட’ அப்படியே ‘வித்’தா வந்துருது.

எடத்துக்கு வந்து சேர்றது தனிக் கதை, நம்ம பக்கத்துக்கு ரொம்ப தேவையானதும் இதுதான், ஏன்னா வர்றவங்க எல்லாம் வழி கேப்பாங்க. கொழும்புலருந்து பதுளைக்கு போற ட்ரெயின்ல வர்றவங்களுக்கு நுவரெலியான்னு ஒரு ஸ்டேஷனே இல்லங்கிறது தெரியாது, நானுஓயாவுல எறங்கித்தான் போகணும். அத இப்படி சொல்லுங்க: ‘டு கெட் டு நுவரெலியா, கெட் ஒஃப் அட் நானுஓயா அண்ட் கெட் ஒன் அ பஸ்’. ஒரே வரியில மூணு ‘கெட்’. மொத ‘கெட் டு’ போய்ச் சேர்றது, ‘கெட் ஒஃப்’ எறங்குறது, ‘கெட் ஒன்’ ஏறுறது. இத ஒரு தடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க, நாக்கு பழகிரும்.

பஸ், ட்ரெயின், பிளேன், கப்பல் எல்லாத்துக்கும் ‘கெட் ஒன்’, ‘கெட் ஒஃப்’. கார், வேன், த்ரீவீலுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஒஃப்’. எப்படி ஞாபகம் வச்சுக்கிறதுன்னா, ஏறி நின்னு நாலடி நடக்க முடிஞ்சா ‘ஒன்’, குனிஞ்சு உள்ள போயி உக்காந்தே ஆகணும்னா ‘இன்’. மோட்டார் சைக்கிள், குதிரைக்கு உள்ளன்னு ஒண்ணு கெடையாது, மேலதான் உக்காரணும், அதனால அதுக்கும் ‘ஒன்’. நுவரெலியாவுல கிரகரி ஏரிப் பக்கம் குதிர சவாரி விடுறவங்க நல்லா சத்தமாவே சொல்லலாம், ‘கெட் ஒன், மேடம்’.

வீட்டுக்கு வந்து சேர்றதுக்கு மட்டும் ‘டு’ கெடையாது. ‘ஐ கொட் ஹோம் அட் சிக்ஸ்’. இங்க, அங்கன்னு சொல்றதுக்கும் அப்படித்தான், ‘கெட் ஹியர்’, ‘கெட் தெயார்’. ‘கொட் டு ஹோம்’னு எழுதாதீங்க.

இப்ப ஒரு சூட்சுமம். ‘கெட் டு’வுக்கு அப்பறம் எடம் வந்தா போய்ச் சேர்றது, வினை வந்தா வாய்ப்பு கெடைக்கிறது. எழுத்துல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். சிவனொளிபாத மலை சீசன் டிசம்பர் பௌர்ணமிக்கு தொடங்கி மே மாச வெசாக் வரைக்கும், நல்லதண்ணி பக்கமா ராத்திரியோட ராத்திரியா படி ஏறி, மூச்சு வாங்கி, கால் வலிக்க உச்சிக்கு போயி சூரியன் உதிக்கிறத பாக்கலாம்னு நின்னா அன்னைக்குன்னு பாத்து மிஸ்ட் மூடிக்கும். அத இங்கிலிஷ்ல சொல்லணும்னா: ‘வீ கொட் டு த டொப், பட் வீ டிடின்ட் கெட் டு சீ த சன்ரைஸ்’. உச்சிக்கு போய்ச் சேந்துட்டோம், ஆனா சூரியன் உதிக்கிறத பாக்க குடுத்து வைக்கல. ‘வீ டிடின்ட் சீ’ன்னு மட்டும் சொன்னா பாக்கலன்னு வெறும் செய்தி, ‘டிடின்ட் கெட் டு சீ’ன்னு சொன்னா ஆசப்பட்டும் கெடைக்கலங்கிற ஆதங்கம் சேந்து வரும். நம்ம ‘குடுத்து வைக்கல’க்கு இத விட பக்கத்துல வர்ற இங்கிலிஷ் எனக்கு தெரிஞ்சு இல்ல.

அடுத்து, நம்மள ஏதோ ஒண்ணு பண்ணிருச்சுங்கிற மாதிரி வர்றது. அட்ட கடிச்சிருச்சு, ‘ஐ கொட் பிட்டன் பை அ லீச்’. மழையில மாட்டிக்கிட்டோம், ‘வீ கொட் கோட் இன் த ரெய்ன்’. மண்ணு சரிஞ்சு பஸ் நின்னுருச்சு, ‘த பஸ் கொட் ஸ்டக்’. ஸ்கூல்ல படிச்ச பெசிவ் வொய்ஸ்ல ‘ஐ வோஸ் பிட்டன்’னும் சொல்லலாம், தப்பே இல்ல, ஆனா பேசுறப்போ ‘கொட்’தான் அதிகம் வரும், அதுவும் நம்ம கையில இல்லாம வந்து விழுந்த விஷயத்துக்கு. நல்லதுக்கும் வரும், ‘வீ கெட் பெய்ட் ஒன் த டென்த்’, பத்தாந்தேதி சம்பளம்.

இந்த எடத்துலதான் நம்ம தமிழ் கை குடுக்குது. ‘லேட்டா வந்து ஏச்சு வாங்குனேன்’னு சொல்றோம்ல, ‘ஐ கொட் ஸ்கோல்டட்’. அடி வாங்குனான், ‘ஹீ கொட் பீட்டன்’. ஏச்சு என்ன கடையில விக்கிற சாமானா, காசு குடுத்தா வாங்குனோம்? நம்ம ‘வாங்கு’வும் லேசுப்பட்டது இல்ல பாருங்க, சாமான் வாங்குறோம், மூச்சு வாங்குது, கெட்ட பேரு வாங்குறோம், ஆளுகிட்ட வேல வாங்குறோம், சும்மா நின்னவன வம்புக்கு இழுத்து வாங்கிக் கட்டிக்கிறோம். தமிழ் படிக்க வர்ற வெள்ளக்காரங்க இதுக்கு தலைய பிச்சுக்குவாங்க. அதனால ‘கெட்’டுக்கு இவ்வளவு அர்த்தமான்னு நம்ம மலைக்க வேண்டியதில்ல, வாங்கு அதுக்கு சொந்தக்காரந்தான்.

ஆளுகிட்ட வேல வாங்குறதுன்னு சொன்னேன்ல, அதுக்கும் ‘கெட்’தான். இதுல ரெண்டு வடிவம் இருக்கு, ரெண்டையும் நிதானமா பாக்கணும், ஏன்னா இங்கதான் நல்லா இங்கிலிஷ் பேசுறவங்களும் சறுக்குறாங்க.

மொத வடிவம் வேலய முன்னுக்கு வைக்கிறது. சலூனுக்கு போயி முடி வெட்டிக்கிட்டு வந்துட்டு ‘ஐ கட் மை ஹெயார்’னு சொல்லுவோம். கேக்குறவங்களுக்கு என்ன வெளங்கும்னா நீங்களே கண்ணாடி முன்னுக்கு நின்னு கத்தரிக்கோல எடுத்து வெட்டிக்கிட்டீங்கன்னு வெளங்கும். ‘ஐ கொட் மை ஹெயார் கட்’னு சொல்லணும். லயத்துல கூர தகரம் ஓட்டையாப் போயி வேல தெரிஞ்ச பாஸ கூப்பிட்டு சரி பண்ணியாச்சு, ‘வீ கொட் த ரூஃப் ரிப்பேர்ட்’. போன கடையில குடுத்து ஸ்கிரீன் மாத்துனேன், ‘ஐ கொட் த ஸ்கிரீன் சேஞ்ச்ட்’. மொதல்ல ‘கொட்’, அப்பறம் சாமான், அப்பறம் வினையோட மூணாவது வடிவம். யாரு செஞ்சாங்கன்னு சொல்லத் தேவையே இல்ல.

ரெண்டாவது வடிவம் ஆள முன்னுக்கு வைக்கிறது. ‘ஐ கொட் மை ஃபாதர் டு சைன் த ஃபோர்ம்’, அப்பாவ கையெழுத்து போட வச்சேன். இங்க ‘டு’ கட்டாயம். இதே வேலய ‘மேக்’, ‘ஹேவ்’ ரெண்டும் செய்யும், ஆனா அதுக்கு ‘டு’ வராது, ‘ஐ மேட் ஹிம் சைன்’, ‘ஐ ஹேட் ஹிம் சைன்’. அர்த்தத்துலயும் வித்தியாசம் இருக்கு. ‘மேட்’னா வற்புறுத்தி செய்ய வச்சாச்சு. ‘ஹேட்’னா சொன்னேன், செஞ்சாரு, மேல இருக்குறவரு கீழ இருக்குறவருக்கு சொல்ற தொனி. ‘கொட்’னா கொஞ்சம் பேசி, கெஞ்சி, சமாளிச்சு, ஒரு வழியா இணங்க வச்சாச்சு. அப்பாவுக்கு ‘மேட்’ போட்டா வீட்டுல சண்ட, ‘ஹேட்’ போட்டா மரியாத இல்ல, ‘கொட்’தான் அளவா இருக்கும். காலையில வேல பிரிக்கிற பெரட்டுல கங்காணி ஆளுங்கள மலைக்கு பிரிச்சு விடுறத சொல்லணும்னா ‘ஹேட்’ பொருந்தும், சுகமில்லன்னு படுத்திருக்குற மாமாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக அத்த பட்டபாட்ட சொல்லணும்னா ‘ஃபைனலி ஷீ கொட் ஹிம் டு கோ’ன்னு சொல்லணும். இந்த வித்தியாசத்த சொல்லிக் குடுக்காம வெறும் அட்டவணையா எழுதிப் போடுற டியூஷன பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும்.

பழகிக்கிறது. ‘கெட் யூஸ்ட் டு’. மலையில பொறந்து வளந்த புள்ள வேலைக்கு கொழும்புக்கு போயி ஃபேன் இல்லாம தூங்க முடியாம முழிச்சுக் கெடந்து, கொஞ்ச நாள்ல வீட்டுக்கு போன் எடுத்து சொல்லுது, ‘ஐ எம் கெட்டிங் யூஸ்ட் டு த ஹீட்’, சூடு பழகிக்கிட்டு வருது. பழகி முடிஞ்சா ‘ஐ எம் யூஸ்ட் டு த ஹீட்’. நான் மேல சொன்ன அதே சாவிதான், ‘எம்’னா இருக்குற நெலைமை, ‘கெட்டிங்’னா வந்துக்கிட்டு இருக்குறது. ஆனா ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் பொகவந்தலாவ’ன்னா அது வேற, முந்தி அங்க இருந்தேன், இப்ப இல்லன்னு அர்த்தம், அதுல ‘எம்’மும் இல்ல ‘கெட்’டும் இல்ல. பழகுறது ஒரு வேலையா இருந்தா அந்த வினைக்கு ‘இங்’ சேக்கணும், ‘கெட் யூஸ்ட் டு வேக்கிங் அப் ஏர்லி’. ‘டு வேக் அப்’னு போட்டா தப்பு.

முழிக்கிறதுன்னதும் ஞாபகம் வருது, ‘வேக் அப்’ வேற, ‘கெட் அப்’ வேற. கண்ணு முழிக்கிறது ‘வேக் அப்’, படுக்கைய விட்டு எந்திரிக்கிறது ‘கெட் அப்’. நுவரெலியாவுல ஜனவரி மாசம் இருக்குறவங்களுக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் போகும்னு நல்லா தெரியும், கண்ணு நாலரைக்கு முழிச்சிரும், கம்பளிய விட்டு கால் வெளிய வரணுமே. பேசுறப்போ ‘கெட் அப்’ ரெண்டும் ஒட்டி ‘கெட்டப்’னு கேக்கும். சினிமாவுல ஹீரோ புது கெட்டப்ல வர்றாருன்னு சொல்றோமே, அதுவும் இங்கருந்து போனதுதான், அங்க அது பெயர்ச்சொல்லு, உடுப்பு வேஷம்னு அர்த்தம்.

இப்படி ‘கெட்’டுக்கு பின்னால குட்டிச் சொல்லு ஒட்டி வர்றது ஏகப்பட்டது, எல்லாத்தையும் இங்க போட்டா நீங்களும் படிக்க மாட்டீங்க. அடிக்கடி காதுல விழுறது மட்டும் சொல்றேன். போன் எடுத்தேன் லைன் கெடைக்கலன்னா ‘ஐ குடின்ட் கெட் த்ரூ’. அதே ‘கெட் த்ரூ’ கஷ்ட காலத்த தாண்டி வர்றதுக்கும் வரும், பரீட்ச பாஸ் ஆகுறதுக்கும் வரும். ‘கெட் ஓவர்’னா உடம்பாலயோ மனசாலயோ தேறி வர்றது, காய்ச்சல்லருந்து, சோகத்துலருந்து. ‘கெட் பை’ன்னா இருக்குறத வச்சு ஒப்பேத்துறது, சம்பளம் பத்தாட்டியும் எப்படியோ ஓட்டுறோம்னு சொல்றோம்ல அது, ‘வீ கெட் பை’. இதுக்கு ‘பஸ்ஸுக்கு பக்கத்துல’ங்கிற மாதிரி ஒரு அர்த்தமும் கெடையாது, ‘பை’ய பாத்து ஏமாந்துராதீங்க. ‘கெட் அலோங் வித்’னா ஒத்துப் போறது, பக்கத்து காம்பரா வீட்டுக்காரங்களோட நல்லா இருக்கோமா இல்லையாங்கிறது. ‘கெட் ரிட் ஒஃப்’னா தொலச்சுக் கட்டுறது. ‘கெட் அவே வித்’ கொஞ்சம் சுவாரஸ்யமானது, தப்பு பண்ணியும் மாட்டாம தப்பிச்சுக்கிறது, ‘ஹீ ஆல்வேஸ் கெட்ஸ் அவே வித் இட்’, என்ன பண்ணாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுக்கு ஒரு தம்பி இப்படி இருப்பான். ‘இட் கொட் டு மீ’ன்னா அது என்கிட்ட வந்துச்சுங்கிறத விட, மனச போட்டு கஷ்டப்படுத்திருச்சுன்னுதான் பெரும்பாலும் அர்த்தம் வரும். ‘கெட் டுகெதர்’ உங்களுக்கு சொல்லவே தேவையில்ல, ஸ்கூல் பேட்ச் எல்லாம் வருஷம் வருஷம் வைக்கிறதுதானே.

புரியுறதுக்கும் ‘கெட்’தான். ‘ஐ கெட் இட்’, ‘ஐ டோன்ட் கெட் இட்’. ‘டூ யூ கெட் மீ’ன்னா நான் சொல்றது வெளங்குதா. ஜோக் சொல்லி யாரும் சிரிக்கலன்னா ‘தே டிடின்ட் கெட் த ஜோக்’. ‘டோன்ட் கெட் மீ ரோங்’, தப்பா நெனச்சுக்காதீங்க, இது பேச்ச ஆரம்பிக்க ரொம்ப நல்ல வரி, அதுக்கப்பறம் கொஞ்சம் காட்டமாவே பேசலாம்.

‘ஹேவ் கொட்’ பத்தி சொல்லாம விட்டா ஏசுவீங்க. ‘ஐ ஹேவ் கொட் டூ பிரதர்ஸ்’, எனக்கு ரெண்டு அண்ணன் தம்பி. பாக்க இறந்தகாலம் மாதிரி தெரியும், ஆனா அது இப்ப இருக்குறததான் சொல்லுது, ‘ஐ ஹேவ்’னு சொல்றதும் அதும் ஒண்ணு. வந்து சேர்றதுன்னு நான் போட்ட கணக்குல அடங்காத ஒரே பெரிய எடம் இதுதான். அதுலயும் ஒரு ஞாயம் இருக்கு, கைக்கு வந்து சேந்துருச்சுன்னா இப்ப கையில இருக்குன்னுதானே அர்த்தம். ‘ஐ’வ் கொட் டு கோ’ன்னா நான் போகணும், வேகமா பேசுறப்போ ‘கொட்டா கோ’ன்னு காதுல விழும், பேசலாம், எழுதக் கூடாது.

இங்கிலிஷ் படம் பாக்குறவங்க ‘கொட்டன்’னு ஒண்ணு கேட்டிருப்பீங்க, ‘ஹேஸ் கொட்டன் வேர்ஸ்’. அது அமெரிக்கப் பேச்சு. நம்ம நாட்டு பாடத்திட்டம் பிரிட்டிஷ் வழி, அதனால பரீட்சையில கெட், கொட், கொட்னே எழுதுங்க. ஆனா அமெரிக்காக்காரங்க சொந்தமா கண்டுபிடிச்சதுன்னு நெனச்சுராதீங்க, முந்தி இங்கிலாந்துலயும் அது இருந்ததுதான், அங்க வழக்கொழிஞ்சு போச்சு, கடல் தாண்டிப் போனவங்க வாயில நின்னுருச்சு. ‘ஃபோகொட்டன்’ல இப்பவும் அந்த ‘கொட்டன்’ உக்காந்திருக்கு பாருங்க. அதுக்கும் முன்னால போனா ‘கெட்’டே இங்கிலாந்து மண்ணுல மொளச்ச சொல்லு இல்ல, கப்பல்ல வந்து எறங்குன வைக்கிங்காரங்களோட பழைய நோர்ஸ் பாஷையில இருந்த ‘கெட்டா’ங்கிறதுதான் இப்படி ஆச்சு.

கடைசியா, எங்க போடக் கூடாதுங்கிறது. பேச்சுல, மெசேஜ்ல, கூட்டாளிக்கு எழுதுறதுல எவ்வளவு வேணும்னாலும் போடுங்க. வேலைக்கு எழுதுற அப்ளிகேஷன், பேங்குக்கு, ஏ.ஜி.ஏ ஒஃபிசுன்னு நம்ம சொல்ற பிரதேச செயலகத்துக்கு எழுதுற கடிதம், பரீட்ச கட்டுரை, இதுல எல்லாம் ‘கெட்’ட கொறைங்க. ‘ஐ கொட் யுவர் லெட்டர்’னு எழுதாம ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்’னு எழுதுங்க. ரிசல்ட்டுக்கு ‘ஒப்டெய்ன்ட்’, போய்ச் சேர்றதுக்கு ‘அரைவ்ட்’ இல்லாட்டி ‘ரீச்ட்’, ஆகுறதுக்கு ‘பிகேம்’. ‘ரீச்’சுக்கு பின்னால ‘டு’ போட்றாதீங்க, ‘ரீச்ட் கொழும்பு’ன்னு நேரா வரணும். ஆனா இதையும் ஓவரா எடுத்துக்கிட்டு கூட்டாளிக்கு வாட்ஸப்ல ‘ஹேவ் யூ ரிசீவ்ட் மை மெசேஜ்’னு அனுப்பாதீங்க, அவன் லோயர் லெட்டர் வந்துருச்சோன்னு பயந்துருவான். ‘டிட் யூ கெட் மை மெசேஜ்’ போதும்.